அடிக்குறிப்பைப் படிக்காமல் போர்ட் டவுன்சென்டுக்குப் போன கதை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், குவிம்பர் தீபகற்பத்தின் நுனியில் போர்ட் டவுன்சென்ட் என்றொரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. விக்டோரியா காலத்துச் செங்கல் கட்டடங்களும் மர மாளிகைகளும் ஒரு ஊர் அளவுக்கு அப்படியே நிற்கும் இடம் என்பதால், 1977-ஆம் ஆண்டு அதன் பழைய பகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது என் தொழில். ஆறு மாத வேலையாக, சியாட்டலுக்கு அருகிலுள்ள பெல்வியூவுக்கு வந்திருந்த எனக்கு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. உடன் வர யாருக்கும் விடுப்பு இல்லை. நவம்பர் மூன்றாம் வாரத்தில் திங்களும் செவ்வாயும் அறை வாடகை குறைவாக இருந்ததால் அந்த இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து, வாடகைக் காரில் தனியாகக் கிளம்பினேன். வாடகை ஏன் குறைவாக இருந்தது என்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

வரைபடத்தில் வழி மிகவும் எளிமையாகத் தெரிந்தது. முக்கில்டியோவில் காரோடு படகேறி விட்பி தீவின் கிளின்டனில் இறங்க வேண்டும். தீவின் குறுக்கே வடக்கு நோக்கிச் சென்று கூப்வில் துறையில் இன்னொரு படகேறினால் முப்பத்தைந்து நிமிடத்தில் போர்ட் டவுன்சென்ட். பகல் பதினொரு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குள் ஊரில் இருக்கலாம், இருட்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் நடந்து பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் படகு வரை கணக்கு சரியாகவே போயிற்று. இரண்டே கால் மணிக்குக் கூப்வில் துறையின் சீட்டுச் சாவடியில் நின்றபோது, உள்ளே இருந்த பெண்மணி முதலில் முன்பதிவு எண்ணைக் கேட்டார். இல்லை என்றதும், அடுத்த படகு நீரோட்டம் காரணமாக அன்று ஓடாது என்றும், அதற்கடுத்த படகில் முன்பதிவு செய்தவர்கள் நிறைந்துவிட்டார்கள் என்றும், காத்திருப்போர் வரிசையில் நிற்க விரும்பினால் நிற்கலாம் என்றும் சொன்னார். வானத்தில் மேகம்கூட இல்லை. நீரோட்டத்துக்காகப் படகை நிறுத்துவார்கள் என்பதையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். சியாட்டல், டகோமா உட்பட அந்த வட்டாரத்தின் பெரும் ஊர்களெல்லாம் பியூஜெட் சவுண்ட் என்னும் நீண்ட உள்கடலின் கரையில் இருக்கின்றன. அந்த உள்கடல் ஒவ்வொரு ஏற்றவற்றத்திலும் நிரம்பி வடிவது பெரும்பாலும் அட்மிரால்டி இன்லெட் என்னும் ஒரே வாய் வழியாகத்தான். இந்தப் படகு கடப்பது அந்த வாயைத்தான். போதாததற்கு, கூப்வில் பக்கத்துப் படகுத்துறை மிகக் குறுகலானது, ஆழமும் குறைவு. நீர் வேகமாகப் பக்கவாட்டில் ஓடும் நேரத்திலோ நீர்மட்டம் மிகவும் இறங்கியிருக்கும் நேரத்திலோ அந்த வாயிலுக்குள் கப்பலைத் திருப்பிக் கொண்டுவருவது ஆபத்து. ஆகவே பெரிய படகுகளை அங்கே விட முடியாது. 64 கார்கள் மட்டுமே கொள்ளும் சிறிய படகுகள்தான் ஓடுகின்றன. முன்பு ஓடியவை 1927-இல் கட்டப்பட்ட கிழட்டுப் படகுகள். அவற்றின் அடிப்பகுதி அரித்துப்போனது தெரிந்து 2007-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள் என்றும், அதன்பின் சில காலம் கார் ஏற்றும் படகே இல்லாமல் ஊர் தவித்தது என்றும் படித்தேன்.

என்னை வெட்கப்படச் செய்தது வேறொன்று. எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் படகு நீரோட்டத்தால் ரத்தாகும் என்பது அட்டவணையின் அடிக்குறிப்பில் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. ஏற்றவற்றத்தைக் கணித்துவிட முடியும் அல்லவா? புறப்படும் நேரங்களை மட்டும் பார்த்துவிட்டு அட்டவணையை மூடியவள் நான். பிறர் வரைபடங்களில் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை என்று இளையவர்களைக் கடிந்துகொள்பவளும் நான்தான். போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: இந்தத் தடத்தில் காருக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அன்றைய தேதிக்கான அடிக்குறிப்பைப் படியுங்கள், முக்கால் மணி நேரம் முன்னதாகத் துறையில் இருங்கள். அக்கரை ஊரில் படகுத்துறையிலிருந்து பழைய கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், காரை இக்கரையில் விட்டுவிட்டு ஆளாக மட்டும் ஏறுவதும் நல்ல யோசனை. நடந்து ஏறுபவர்களுக்கு முன்பதிவு வேண்டாம்.

நான்கு மணி வரை வரிசையில் இருந்தேன். நவம்பரில் அங்கே நாலரைக்கே சூரியன் விழுந்துவிடுகிறது. இருட்டத் தொடங்கியதும் மனம் பதறியது. சுற்றுவழியாக ஓட்டிப் போய்விடலாம் என்று முடிவெடுத்து வரிசையை விட்டு வெளியே வந்தேன். அன்று செய்தவற்றிலேயே பெரிய தவறு அதுதான். மீண்டும் கிளின்டனுக்கு வந்து படகேறி, முக்கில்டியோவிலிருந்து எட்மண்ட்ஸுக்கு ஓட்டி, அங்கிருந்து கிங்ஸ்டனுக்கு மூன்றாவது படகேறினேன். அதற்கு மேலும் ஹூட் கனால் மிதவைப் பாலம் இருக்கிறது. கடலின் மேல் கான்கிரீட் தொட்டிகளில் மிதக்கும் இந்தப் பாலத்தின் மேற்குப் பாதி 1979-ஆம் ஆண்டுப் புயலில் மூழ்கிப் போனது, மறுபடி கட்டினார்கள். அருகே பாங்கோரில் கடற்படையின் நீர்மூழ்கித் தளம் இருப்பதால், கப்பல் வரும்போதெல்லாம் பாலத்தின் நடுப்பகுதியை விலக்கி வழிவிடுவார்கள். என் காருக்கு முன்னால் விலக்கினார்கள். முப்பத்தைந்து நிமிடங்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால். மாலைப் படகில் காத்திருந்த கார்களில் பலவற்றை ஏற்றிக்கொண்டார்கள் என்றும், நான் பொறுத்திருந்தால் ஏழு மணிக்குள் வந்திருப்பேன் என்றும் மறுநாள் அறிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுற்றுவழியில் போவதென்றால் தொடக்கத்திலேயே முடிவெடுத்துப் போய்விட வேண்டும். இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்புவதில் இரண்டு பக்கத்து நஷ்டமும் சேர்ந்துகொள்கிறது.

நான் அறை எடுத்திருந்தது பழைய கடைத்தெருவில் இருக்கும் நூற்றாண்டு கடந்த ஒரு விடுதியில். சின்ன விடுதி, மாலைக்குப் பிறகு வரவேற்பில் ஆள் இருப்பதில்லை. கதவில் எண்பலகை இருக்கும், அதற்கான எண்ணை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். அனுப்பியும் இருந்தார்கள். மூன்று படகுகளிலும் பாலத்திலும் வழிகாட்டி வழிகாட்டி என் கைபேசி அணைந்து போயிருந்தது, காருக்கான சார்ஜர் என்னிடம் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மஞ்சள் விளக்கும் மரப் படிக்கட்டும் தெரிகின்றன. வெளியே கடற்காற்றில் நான் நிற்கிறேன். தெருவில் உணவகங்கள் மூடிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ஊருக்குள் வந்த சிம்ஸ் சாலையிலேயே திரும்பிப் போய்ச் சாலையோர விடுதி ஒன்றில் 139 டாலர் கொடுத்து இன்னொரு அறை எடுத்தேன். பெட்ரோல் நிலையத்தில் கிடைத்த ரொட்டியும் வாழைப்பழமும் இரவு உணவாயின. கைபேசிக்கு உயிர் வந்ததும் கோயம்புத்தூரிலிருந்து கணவர் அழைத்தார். “சாப்பிட்டியா?” என்று கேட்டதற்கு “ஆச்சு” என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேசினால் குரல் உடைந்துவிடும் என்று வைத்துவிட்டேன். முதல் விடுதிக்குக் கட்டிய 172 டாலர் திரும்பி வராது என்பது நான் ஒப்புக்கொண்ட நிபந்தனையிலேயே இருந்தது. கூடுதல் படகுக் கட்டணம் ஏறத்தாழ 40 டாலரையும் சேர்த்தால் அந்த ஒரு மாலைப்பொழுதில் 350 டாலர் கரைந்தது. கதவு எண்ணையும் விடுதியின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் போதும்.

இரவு முழுவதும் அறையில் கெட்ட முட்டைக்கோசு வேகிற மாதிரி ஒரு வாடை. குளியலறைச் சாக்கடையில் அடைப்பு என்று நினைத்துக் காலையில் வரவேற்பில் இருந்தவரிடம் முறையிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சன்னலுக்கு வெளியே காட்டினார். ஊரின் எல்லையில் காகித ஆலையின் வெண்புகை எழுந்துகொண்டிருந்தது. மரத்தை வேதிப்பொருளில் வேகவைத்துக் கூழாக்கும்போது வரும் கந்தக வாடை அது. காற்று ஊர்ப்பக்கம் திரும்பும் நாட்களில் வரும். 1920-களின் இறுதியில் அந்த ஆலை வந்திராவிட்டால் ஊரில் சம்பளம் என்ற ஒன்றே இருந்திருக்காது என்பதையும் அவர்தான் சொன்னார். ஆகவே வாடை வந்தால் அறையை மாற்றச் சொல்லாதீர்கள், பயனில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் என் கண்ணுக்கு வந்தது. வாட்டர் தெரு கடலை ஒட்டியே ஓடுகிறது. இருபுறமும் மூன்று நான்கு அடுக்குச் செங்கல், கல் கட்டடங்கள், பலவற்றின் நெற்றியில் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கின்றன. 1889, 1890, 1889, 1891 என்று படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் உறைக்கும்: ஊர் முழுக்க மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் கட்டப்பட்டிருக்கிறது, பிறகு சட்டென்று நின்றுபோயிருக்கிறது. 1854 முதல் இங்கே சுங்க அலுவலகம் இருந்ததால், வெளிநாட்டிலிருந்து உள்கடலுக்குள் நுழையும் கப்பல்கள் இங்கே நின்று கணக்குக் காட்டிவிட்டே போக வேண்டியிருந்தது. 1880-களின் இறுதியில் ரயில் பாதையும் வரப்போகிறது, மேற்குக் கரையின் பெருநகரமே இதுதான் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டினார்கள். ரயில் பாதையோ தெற்கே குவில்சீன் என்னும் சிற்றூரோடு நின்றுபோனது. பணம் போட்ட நிறுவனம் 1890-இல் நொடித்தது. 1893-இல் நாடு தழுவிய நிதி நெருக்கடி வந்தது. ஏழாயிரம் பேர் இருந்த ஊரில் இரண்டாயிரம் பேர் மிஞ்சினார்கள். இந்தக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை என்பதால்தான் இவை தப்பின. ரயிலுக்காகக் காத்திருந்து ஏமாந்த ஊருக்கு, படகுக்காகக் காத்திருந்து ஏமாந்தவள் போய்ச் சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

பார்க்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைகளின் முன்னால் நின்றால் தரைத்தளத்துக் கண்ணாடியும் விற்பனைப் பொருட்களும்தான் தெரியும். எதிர்ச்சாரியின் நடைபாதைக்குப் போய், அண்ணாந்து இரண்டாம் மூன்றாம் தளங்களைப் பாருங்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் சன்னல்கள், அவற்றின் மேல் வளைவுகள், உச்சியில் கல்லைப் போலத் தோன்றும் தகரப் பூவேலை. கீழ்த்தளத்தில் கல்தூண் போல வர்ணம் பூசிய ஒன்றை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், ‘ணங்’ என்றது. வார்ப்பிரும்பு. சுமையை இந்த ஒல்லியான இரும்புத் தூண்களில் ஏற்றிவிட்டதால்தான் கடைக்கு அவ்வளவு அகலமான கண்ணாடி வைக்க முடிந்திருக்கிறது. பக்கத்துச் சந்தில் திரும்பி அதே கட்டடத்தின் பின்சுவரைப் பார்த்தால் வெறும் செங்கல். அலங்காரமெல்லாம் தெருவுக்கு மட்டும்தான். பின்பக்கத்தில் பல கட்டடங்கள் கடலை நிரப்பிய மண்ணின் மேலேயே நிற்கின்றன.

நான் தங்காத விடுதிக்கும் போனேன். காலையில் வரவேற்பில் இருந்த இளைஞர் நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டு, என் அறையையாவது பார்த்துவிட்டுப் போகும்படி சாவியைக் கொடுத்தார். செங்குத்தான மரப் படிக்கட்டு, ஒவ்வொரு படியின் நடுவிலும் காலடிகள் தேய்த்த பள்ளம். கைப்பிடிக் கட்டையின் முனை உருண்டை உள்ளங்கைகள் பட்டுப் பட்டு மேல்பாதி மட்டும் கருத்து மின்னியது. ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் காற்றுக்காகத் திறக்கும் சிறு கண்ணாடிச் சன்னல். லிஃப்ட் கிடையாது, என் அறைக்கான குளியலறை தாழ்வாரத்தின் கோடியில். 172 டாலர் கொடுத்து ஒரு படிக்கட்டைப் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன். முழங்கால் வலி உள்ளவர்களும் கனமான பெட்டி கொண்டுவருபவர்களும் பழைய விடுதிகளில் அறை எடுக்கும் முன் எத்தனையாவது தளம், குளியலறை எங்கே என்று கேட்டுவிடுங்கள்.

வாடகை குறைந்ததன் காரணம் அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பழைய நகர மன்றக் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகம் அன்று பூட்டியிருந்தது. 1868-இல் கட்டிய ராத்ஸ்சைல்ட் வீடு கோடையில் மட்டுமே திறக்கப்படுகிறது. நான் ஊரிலிருந்தே கனவு கண்டுகொண்டு வந்த ஸ்டாரெட் மாளிகை, 1889-இல் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் தம் மனைவி ஆன் பெயரில் கட்டியது. தாங்குதூண் இல்லாமல் சுழன்று ஏறும் படிக்கட்டும், பருவங்கள் மாறும் நாட்களில் சூரிய ஒளி சிவப்புக் கண்ணாடி வழியாக விழும்படி அமைத்த கோபுரமும் கொண்டது. அது தனியார் சொத்து. எதிர்ச்சாரியில் நின்று எண்கோணக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே பார்க்க விரும்பினால் கோடையில், வார இறுதியில், ஒவ்வொரு இடத்தின் திறப்பு நாட்களையும் தனித்தனியே கேட்டறிந்த பின் போங்கள். செப்டம்பரில் மரப்படகுத் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் அறை கிடைப்பது அரிது.

ஆனால் வார நாளில் போனதால் கிடைத்த லாபமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 1892-இல் கட்டிய மாவட்ட நீதிமன்றம் இன்றும் நீதிமன்றமாகவே இருக்கிறது. 1893-இல் முடிந்த சுங்க மாளிகை இன்று அஞ்சலகம். அலுவலக நாட்களில் இரண்டுக்குள்ளும் காசில்லாமல் நுழையலாம். நீதிமன்றத்தின் செங்கல் மணிக்கூண்டு சுமார் 125 அடி உயரம். ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படும். அஞ்சலகத்தில் தபால்தலை வாங்கும் சாக்கில் கால் மணி நேரம் நின்று கல்லின் பொருத்துகளைப் பார்த்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை.

இவை இரண்டும் மேட்டுப்பகுதியில் இருக்கின்றன. ஊர் இரண்டு அடுக்கானது: கீழே மாலுமிகளும் சாராயக் கடைகளும் விலைமாதர் விடுதிகளும் இருந்த கடற்கரைத் தெரு, மேலே கௌரவமான குடும்பங்களின் மாளிகைகள். அந்தக் குடும்பங்களின் பெண்கள் கீழே இறங்க வேண்டாம் என்பதற்காகவே மேட்டில் லாரன்ஸ் தெருவில் தனிக் கடைத்தெரு உருவானது. இரண்டையும் இணைப்பது, 1906-இல் வைத்த ஹாலர் நீரூற்றின் பின்னாலிருந்து மேலேறும் நீண்ட படிக்கட்டு. காரில் சுற்றிப் போகாமல் அதில் ஏறுங்கள். சமூக ஏற்றத்தாழ்வு முழங்காலிலேயே புரியும். மேட்டின் விளிம்பில் 1890-இல் எழுப்பிய 75 அடி மரக் கோபுரம் நிற்கிறது, தீ விபத்தின்போது மணியடிக்க. அங்கே காற்று என் குடையைத் திருப்பி மடக்கி உடைத்தது. ஒலிம்பிக் மலைகளின் மறைவில் இருப்பதால் ஆண்டுக்கு சுமார் 19 அங்குல மழைதான் பெய்கிறது. தேவைப்படுவது காற்றுத் தடுக்கும் மேலங்கிதான், குடை அல்ல.

மேட்டில் நடந்தபோது ஒரு தகவல் பலகை என்னை நிறுத்தியது. இந்தக் கரையில் முதலில் இருந்தவர்கள் ஸ்கலாலம் மக்கள். வெள்ளையர் 1851-இல் குடியேறியபோது அவர்களோடு இணக்கமாக இருந்த தலைவர் செட்ஸமோக்கா. 1871-இல் அவருடைய மக்களைப் படகுகளில் இழுத்துச் சென்று வேறிடத்தில் விட்டு, அவர்களின் ஊரைக் கொளுத்தினார்கள். இன்று அவர் பெயரில் ஒரு பூங்காவும், 2019 முதல் 18 இடங்களை இணைக்கும் ஒரு நடைபாதைத் தடமும், ஒரு படகும் உள்ளன. காலை முழுக்கப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை வியந்துகொண்டிருந்தவளுக்கு, அதே மண்ணில் எது பாதுகாக்கப்படவில்லை என்பதும் தெரிந்தது. நேரம் குறைவாக இருந்தாலும் அந்தத் தடத்தின் மூன்று மைல் சுற்றையாவது நடந்துவிடுங்கள். கையேடுகளில் கிடைக்கும் மாளிகைப் பட்டியலைவிட அது ஊரை முழுமையாகக் காட்டுகிறது.

வோர்டன் கோட்டைக்குப் போக நேரம் போதவில்லை. பிற்பகல் படகுக்கு முன்தின இரவே முன்பதிவு செய்து, அடிக்குறிப்பையும் படித்து, எண்ணைக் கைபேசியிலும் தாளிலும் எழுதி வைத்திருந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு முதியவர் இறங்கி வந்து, வியாழக்கிழமை இதே நேரத்துப் படகில் திரும்பி வரலாம் என்று இருக்கிறோம், இடம் கிடைக்குமா என்று கேட்டார். அட்டவணையை விரித்து, பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்த தேதிகளை விரலால் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துவரக் காருக்குத் திரும்பினார்.